பழஞ்சுவர் மண்

மதுமதியை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றி வந்த வண்டி எங்கள் வாசலில் நின்றபோது நல்ல வெயில். ராஜா வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதிலிருந்தே பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, "பாத்து எறங்குங்கம்மா, தையல் போட்ட ஒடம்பு" என்றார். நான் ஆரத்தி சுற்றிக் கொட்டிவிட்டு, தங்கச்சியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.

நிலைப்படியைத் தாண்டியதும் பிள்ளை அழுகையை நிறுத்தியது.

"பாத்தியாக்கா, இவளுக்கும் நம்மூட்டு ஏசி புடிச்சுப் போச்சு" என்று மது சிரித்தாள்.

எங்கள் வீட்டில் ஏசி எல்லாம் கிடையாது. மண்சுவர் வீடு. ஜேடர்பாளையத்துப் பக்கம் எல்லாரும் இடித்துவிட்டு மாடி கட்டிக்கொண்டார்கள். எங்கள் அப்பா வெங்கடாசலம் கட்டவில்லை. சித்திரையில் வெளியே நெருப்பு கொட்டினாலும் உள்ளே பானைத் தண்ணீரைப் போலக் குளுகுளுவென்று இருக்கும். அடியில் கருங்கல், அதற்குமேல் மண். வாய்க்கால் மேட்டுச் செம்மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு, தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஆட்கள் இறங்கி மிதித்து, ஒரு முழ உயரம் வைத்து, அது காய்ந்த பிறகு அதன்மேல் அடுத்த முழம். ஒரு முழம் ஒரு படை. மேலே பனஞ்சட்டம், ஓடு. உள்ளும் புறமும் சுண்ணாம்பு. நான் பிறப்பதற்கு முன்பே கட்டி முடித்துவிட்டார்கள்.

எங்களுக்கு அம்மா இல்லை. பிரசவமானவளைப் பார்த்துக்கொள்ள நான்தான் இருந்தேன். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்று புருஷன் வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தங்கச்சிக்காக லீவு சொல்லியிருந்தேன். அவள் புருஷன் சிவக்குமாருக்குப் போர்வெல் ரிக்கில் வேலை. சத்தீஸ்கரில் எங்கேயோ காட்டுக்குள் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் முகத்தைப் போனில்தான் பார்த்தார்.

மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டோம். அந்த அறைதான் இருப்பதிலேயே குளிர்ச்சி.

முதல் சில நாட்கள் மதுவுக்குப் பால் பொங்கியது. பிள்ளை குடித்து மூச்சுத் திணறி விட்டுவிடும். மார் கல்லாட்டம் கட்டிக்கொண்டு நிற்கும். வலி தாங்காமல் பல்லைக் கடிப்பாள். மிச்சப் பாலைத் தரையில் விடக்கூடாது, கால் படும், எறும்பு மொய்க்கும், எறும்பு மொய்த்தால் தாய்க்குப் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அதனால் சுவரில் பீய்ச்சிவிடுவார்கள். எல்லாப் பெண்களும் செய்கிறதுதான்.

"ஆஸ்பத்திரில சுவத்துல டைல்ஸ் ஒட்டி வெச்சிருக்கறாங்கக்கா. பீச்சுனா அப்படியே வழிஞ்சு கீழ வந்துரும். நர்ஸம்மா கிட்ட ஒரே திட்டு. நம்மூட்டுச் சுவரு தேவல, சொட்டு வழிய உடறதில்ல."

அவள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவரில் பால் பட்டால் ஈரத் திட்டு தெரிய வேண்டும், காய்ந்தபின் மஞ்சளாகக் கறை நிற்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தால் மார் உயரத்துக்கு வருகிற இடம். சுத்தமாக, வெள்ளையாக இருந்தது.

எறும்பும் இல்லை. சர்க்கரை டப்பாவைச் சுற்றி வருகிற எறும்பு, எண்ணெய்க் கிண்ணத்தில் விழுகிற எறும்பு, அந்தச் சுவரில் மட்டும் ஒன்றுகூட ஏறவில்லை.

பிறகு பிள்ளைக்குப் பால் பற்றவில்லை.

ஊருக்கு வரும் நர்ஸம்மா தூளித் தராசில் பிள்ளையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடியும் தொங்கவிட்டுப் பார்த்தார்.

"பொறந்தப்ப இருந்ததுக்குக் கொறஞ்சிருக்குது. பால் குடுக்கறியா இல்லியா?"

"குடுக்கறனுங்க. வாய் வெச்சுச் சப்புது, வர மாட்டீங்குதுங்க."

"நல்லாச் சாப்புடோணும். கோழியாட்டம் கொறிச்சா எங்கிருந்து பால் ஊறும்?"

சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லை. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பக்கத்து வேலூர்ச் சந்தையில் அப்பா தேடிப் பிடித்து வாங்கி வந்த பால்சுறா. எல்லாவற்றையும் தின்றாள். தின்னத் தின்ன அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. பிள்ளை மாரில் வாயை வைத்து இழுக்கும், இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு முகம் கறுத்து அழும். தூக்கித் தூளியில் போட்ட அடுத்த நிமிஷம் மதுவின் ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிடும்.

"இப்பத்தான ஒண்ணுமில்லைன்ன?"

"இப்ப வருதுக்கா" என்பாள். எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவாள்.

அந்த அறைக்கு ஒரு வாசம் வந்திருந்தது. பால் புளித்த வாசம் கொஞ்சம். அதற்கு அடியில் வேறொன்று. மிதித்துக் குழைத்த பச்சை மண்ணின் வாசம். நாற்பது வருஷம் காய்ந்த சுவரிலிருந்து அந்த வாசம் வரக்கூடாது.

ஒரு நாள் பிள்ளைத் துணிகளை வாய்க்காலில் அலசிவிட்டு வந்தேன். உச்சிவேளை. தெருவில் நாய்கூட இல்லை. வீட்டுக்குள் பிள்ளை அழுகிற சத்தம் வாசலிலேயே கேட்டது. தொண்டை கட்டிப்போய், அழுகையே காற்றாகிவிட்ட மாதிரி. வெகுநேரமாக அழுதிருக்க வேண்டும்.

"மது" என்றேன்.

ஈரத் துணியை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் பிடிபடவில்லை. தூளி ஆடாமல் தொங்குவது மட்டும் தெரிந்தது.

அப்போது இன்னொரு சத்தம் கேட்டது.

மொடக்.

சின்னச் சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடியும் மொடக். மொடக்.

பால் குடிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தச் சத்தம் யாருக்கும் தெரியும். தொண்டையில் பால் இறங்குகிற சத்தம்.

கண் தெளிந்தது. மது கட்டிலில் முழங்காலிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் விரிந்து சுவரை அணைத்திருந்தன. கன்னம் சுண்ணாம்பில் பதிந்திருந்தது. கண் மூடியிருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது பெண்களுக்கு ஒரு சொக்கு வருமே, அந்தச் சொக்கு அவள் முகத்தில் இருந்தது.

தோளைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நான் தீவன மூட்டை தூக்குகிறவள். ஒட்டிப்போன அந்த உடம்பை என்னால் அசைக்க முடியவில்லை. கட்டில் காலில் பாதத்தை ஊன்றி முழு பலத்தோடு இழுத்தேன். 'ப்ச்' என்று ஒரு சத்தத்தோடு விடுபட்டு என் மேல் வந்து விழுந்தாள். தூங்கிய பிள்ளையின் வாயிலிருந்து மாரை எடுக்கும்போது வருமே, அதே சத்தம்.

சுவரில் ஒரு ஈர வட்டம் இருந்தது. எட்டணாக் காசு அளவு. பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு மறைந்தது.

"என்னடி பண்ணுன?" என்றேன்.

"பசிக்குதாமாக்கா அதுக்கு."

"எதுக்கு?"

அவள் தூளியைக் காட்டவில்லை.

"இத்தன நாளும் யாருமே குடுக்கலியாமா" என்றாள்.

கட்டிலை முன்னறைக்கு மாற்றினோம். கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினோம். அப்பா அந்த அறைக்கு வெளிப்பூட்டுப் போட்டார். கட்டிலை மாற்றினால் அவள் எழுந்து போனாள். பூட்டினால் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் வெளிப்பக்கமாக அதே சுவரை ஒட்டி நின்றாள். பவுடர் பால் கரைத்துப் பாட்டிலில் கொடுத்தால் பிள்ளை துப்பியது. பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். அதன் தொடையில் தோல் மடிந்து தொங்கியது. நான் பெற்றதில்லை என்றாலும் பசித்த உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

குப்பாயி எங்கள் பிள்ளையைப் பார்க்க வந்தது அந்த வாரத்தில்தான். மண்வேலை, களைவேலை என்று எங்கள் தோட்டங்காட்டில் காலமெல்லாம் உழைத்த கிழவி. முடிந்த முந்தானையில் நாலு நாட்டுக்கோழி முட்டை வைத்திருந்தாள். எங்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போவாள், சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். "சுவத்துக்குச் சொல்லிட்டுப் போறாடி" என்று சின்ன வயசில் நாங்கள் கேலி செய்திருக்கிறோம். கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள் ஊரில்.

அன்றைக்கும் அந்தப் பக்கமாகத்தான் வந்தாள். அங்கே மது நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

குப்பாயி முட்டைகளைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து சுவரில் காதை வைத்தாள்.

மொடக் என்றது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குடிக்குதுங்களா அம்மிணி" என்றாள். "என்ர பையன் குடிக்குதுங்களா?"

சத்தம் கேட்டு அப்பா வந்தார். குப்பாயி அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இந்த ஊடு கட்டறப்ப எனக்குக் கைக்கொழந்தைங்க. பால் மறக்காத பையன். வேப்ப மரத்து நெழல்ல, சீலையை விரிச்சுப் போட்டுட்டு மண்ணு வெட்டப் போனனுங்க. வந்து பாத்தா இல்ல. சீலையும் இல்ல. நெழல் இருந்த எடத்துல வண்டி மண்ணக் கொட்டி வெச்சிருந்தாங்க."

"நரி தூக்கீட்டுப் போயிருச்சுன்னு சொன்னாங்க" என்றார் அப்பா.

"சொன்னாங்க சாமி. நீங்களும் லாந்தர் எடுத்துக்கிட்டு வாய்க்காலெல்லாம் தேடுனீங்க. நான் இல்லைன்னு சொல்லலீங்க."

"மண்ணக் கிளறிப் பாக்கலியா?" என்று கேட்டேன்.

அப்பா மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"தண்ணி உட்டாச்சுங்க அம்மிணி அதுக்குள்ள" என்றாள் குப்பாயி. "வைக்கோலப் போட்டு ஊற வெச்சாச்சு. மானம் கறுத்துக்கிட்டு நின்னுச்சு. மழை வரதுக்குள்ள படை ஏத்தோணும்னு மேஸ்திரி கத்துறான். மக்யா நாளு விடிஞ்சதும் எல்லாரும் எறங்கி மிதிச்சோம். நானுந்தான் மிதிச்சனுங்க. வேலைக்கு வரலீன்னா கஞ்சிக்கு எங்க போவேன்?"

அவள் தன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கால்ல என்னமோ மெத்துன்னு பட்டுச்சுங்க. வைக்கோலுன்னு நெனச்சுட்டேன்."

காற்றே இல்லை. மது என் கைப்பிடிக்குள் நின்றபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஜாக்கெட் நனைந்து புடவை வழியாகச் சொட்டியது. குப்பாயி அதைப் பார்த்தாள். ஒரு தாய் இன்னொரு தாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிற மாதிரி இருந்தது.

"அதுக்கு என்னைத் தெரியல" என்றாள். "நான் கைய வெச்சுட்டு நிக்கறப்ப ஒரு நாளும் சத்தம் கொடுத்ததில்லீங்க. பாலு இருக்கறவளத்தான் தெரியுது."

அப்பா சிவக்குமாருக்குப் போன் போட்டார். என்ன சொன்னாரோ, மாப்பிள்ளை லாரி மாறி லாரி பிடித்து வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் கல்மாவு. வந்த கையோடு பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கையில் எடை பார்ப்பது போல ஏந்திக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கக்கா, என்னுங்க இது. கோழிக்குஞ்சாட்டம் இருக்குது."

"கூட்டிட்டுப் போயிருங்க மாப்பிள்ளை. ரெண்டு பேரையும். இன்னிக்கே."

"நீங்களுமா இதையெல்லாம் நம்பறீங்க?"

"அந்தச் சுவத்துல காத வெச்சுட்டு வந்து கேளுங்க."

அவர் போனார். திரும்பி வந்தார். பையை எடுத்து வண்டியில் வைத்தார்.

மல்லசமுத்திரத்தில் அவர்கள் வீடு செங்கலும் சிமெண்டும். அங்கே போனதும் மதுவின் பால் நின்றுவிட்டது. மார் காலிப் பை மாதிரி ஆகிவிட்டதாக அவள் மாமியார் போனில் சொன்னார். ஆனால் பிள்ளை பாட்டிலைப் பிடித்துக்கொண்டது. ஒரு வாய், இரண்டு வாய், பிறகு முழுப் பாட்டில். எனக்கு உயிர் வந்தது. இரண்டில் ஒன்றாவது பிழைக்கட்டும் என்று மனசு கணக்குப் போட்டது. போடக்கூடாத கணக்குத்தான்.

அடுத்து ஒரு நாள் உச்சிவேளையில் மது எங்கள் வாசலில் வந்து நின்றாள். செருப்பில்லை. பஸ் ஏறி, பஸ் மாறி வந்திருக்கிறாள். தார் ரோட்டில் வெந்த பாதத்தில் தோல் உரிந்திருந்தது. புடவையின் முன்பக்கம் முழுக்க ஈரம்.

"கொழந்த எங்கடி?"

"இங்க இருக்குதேக்கா" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிப் போனார்கள். மறுபடியும் வந்தாள். கதவைப் பூட்டி வைத்தபோது ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டாள் என்று நெற்றியில் கட்டோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார் சிவக்குமார். அழுதுகொண்டே போனார். "இங்கியே இருக்கட்டுங்க. செவுத்துக்கிட்டயாவது உசுரோட இருப்பா" என்றார்.

பாலில் இரத்தம் கலந்து வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சுவருக்கு அது பேதமாகத் தெரியவில்லை.

அப்பா ஒரு காலையில் கடப்பாரையை எடுத்தார்.

"இடிச்சர்றேன். நீ இவளக் கூட்டீட்டுச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போ. ரத்தம் ஏத்தோணும்னு சொன்னாங்கல்ல. நீங்க வாரதுக்குள்ள அந்தச் சுவரு இருக்காது."

"குப்பாயிக்குச் சொல்லுங்கப்பா. எதாச்சும் கெடைச்சா அவகிட்டக் குடுக்கோணும்."

"சொல்றேன்."

ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடந்த மது நடுப்பகலில் ஒரு அலறல் அலறினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. மாரைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். "மிதிக்கறாங்கக்கா, மறுக்கா மிதிக்கறாங்க" என்றாள். ஊசி போட்டார்கள். தூங்கிப் போனாள். தூக்கத்தில் மார் நனையவில்லை. நான் அதைக் கடவுள் கொடுத்தது என்று எண்ணிக்கொண்டேன்.

இரத்தம் ஏற்றி முடித்து நாங்கள் ஊருக்கு வந்தபோது வீட்டில் மேற்குச் சுவர் இல்லை. பனஞ்சட்டங்களுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கருங்கல் அடித்தளம் பல்வரிசை மாதிரி வெறுமையாகத் தெரிந்தது. அறைக்குள் வெயில் விழுந்து கிடந்தது.

மண்ணையும் காணோம்.

"மண்ணு எங்கீங்கப்பா?"

அப்பாவுக்கு நான் கேட்டதே முதலில் புரியவில்லை.

"மண்ணா? எடுத்துட்டுப் போயிட்டாங்க."

எங்கள் பக்கம் சுவர் இடிந்தால் அந்த மண் ஒரு நாள் தங்காது. பழஞ்சுவர் மண்ணில் உப்புப் பூத்திருக்கும். பயிருக்கு அதைவிடச் சத்து கிடையாது. வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போட்டால் இலை பளபளவென்று வரும், வெங்காயத்துக்குப் போட்டால் காய் திரளும். இன்னார் வீடு இடிக்கிறார்கள் என்று தெரிந்தால் கூடையோடும் டிராக்டரோடும் வந்து நிற்பார்கள். கேட்கக்கூட மாட்டார்கள், கொடுக்கிறவனும் மறுக்க மாட்டான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கொடிக்கால்காரர் சின்னண்ணன் இரண்டு டிரெய்லர் ஏற்றிக்கொண்டு போய்த் தன் கொடிக்காலுக்கு இறைத்திருந்தார். கிழக்குத் தெருக்காரர்கள் கரும்புக்கு. மிச்சத்தை அப்பாவே எங்கள் வெங்காய வயலில் கொட்டிக் கட்டி உடைத்து இறைத்து, ஏரும் ஓட்டிவிட்டார்.

"உள்ள எதாச்சும் இருந்துச்சுங்களா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒரு எடத்துல மட்டும் கையகலம் ஈரமா இருந்துச்சு. வெள்ளையா. அதையும் வெட்டிப் போட்டதுல கலந்துபோச்சு." அவர் கையைப் பார்த்துக்கொண்டார். "ஊட்ட உட்டுப் போனாப் போதும்னு நெனச்சேன். மண்ணு தான, எங்க போனா என்னன்னு."

குப்பாயி வந்தாள். அவளுக்கு யார் சொன்னார்களோ, சொல்கிறேன் என்ற அப்பா சொல்லவில்லை. பச்சைப்பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி ஒரு வெள்ளைத் துணியை மடித்துக் கையில் வைத்திருந்தாள். இடித்த இடத்தில் மண்டி போட்டு, கல் இடுக்குகளில் விரலை விட்டு நோண்டினாள். இரண்டு கைப்பிடி தேறியது. அதைத் துணியில் போட்டாள். அள்ளிப் பார்த்தாள், விரல் வழியாக ஒழுக விட்டாள்.

"இது அவனுங்களா சாமி, வெறும் மண்ணுங்களா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா குனிந்து, கல்லில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி அவள் துணியில் போட்டார்.

அதன் பிறகு சில நாட்கள் அமைதி. மது சாப்பிட்டாள், தூங்கினாள், தலை வாரிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கொண்டுவருவதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார். நான் தூளிக்குச் சேலை துவைத்துக் காயப்போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் திரும்பிப் பார்த்தேன், அவள் இல்லை.

வெங்காய வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவும் அங்கேதான் இருந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வயலை வெறித்துக்கொண்டிருந்தார். மடை திறந்துவிட்டிருந்தது. பாத்திகளில் தண்ணீர் தளதளவென்று நின்றது.

"காத்தால உட்ட தண்ணி" என்றார். "எறங்கல."

காய்ந்து வெடித்த மண். தண்ணீர் விட்டால் சுர்ரென்று இழுத்துக்கொள்ளும். நான் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு அடிமண்ணைச் சுரண்டினேன். விரலில் வந்தது பொடி. உலர்ந்த, சூடான பொடி. அத்தனை தண்ணீருக்கு அடியில் மண் நனையாமல் கிடந்தது.

மது வரப்பில் இரண்டு அடி இந்தப் பக்கம் நடந்தாள். நின்றாள். திரும்பி அந்தப் பக்கம் நடந்தாள். கன்றை எங்கேயோ கட்டிவிட்ட மாடு இப்படித்தான் சுற்றும்.

"என்ன கண்ணு தேடற?"

"அழுவுதுக்கா."

"எங்கியும் அழுவல. வா ஊட்டுக்குப் போலாம்."

"முன்னெல்லாம் ஒரு எடத்துல அழுவும். இப்ப எல்லாப் பக்கமும் அழுவுது. எங்க போயி நிக்கறதுன்னு தெரியலக்கா."

என் போன் அடித்தது. சிவக்குமார். வீடியோவில் முகம் முழுக்கச் சிரிப்பு. "அக்கா, மதுகிட்டக் காட்டுங்க. குப்புற உழுந்துட்டா. தலைய எப்படித் தூக்கறா பாருங்க." பாயில் பிள்ளை. கன்னம் உப்பி, கை மடிப்பு விழுந்து, யாரோ வளர்க்கிற பிள்ளை மாதிரி கொழுகொழுவென்று இருந்தது. போனை மதுவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். மரியாதைக்குப் பார்க்கிற மாதிரி.

"நல்லாருக்குதுங்க கொழந்த" என்றாள். "யாருதுங்க?"

சிவக்குமாரின் சிரிப்பு அப்படியே நின்றது. போனை அணைக்கத் தெரியாமல் நான் அதைப் புடவையோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

மது வயலுக்குள் இறங்கிவிட்டாள். குனிந்தாள். அவள் மாரிலிருந்து சொட்டிய பால் தண்ணீரில் பரவவில்லை. கல் விழுகிற மாதிரி நேராகக் கீழே போனது. போன இடத்தில் தண்ணீர் ஒரு சுழி சுழித்து உள்ளே இறங்கியது.

மொடக்.

அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவளைப் பிடிக்க ஓடினார். அதற்குள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சின்னண்ணன் கொடிக்காலுக்குள்ளிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பச்சைப்பிள்ளை அழுதது. கரும்புக் காட்டுப் பக்கமிருந்து இன்னொரு அழுகை எழுந்தது. அதே குரல்.

மது நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கொடிக்காலை நோக்கி நடக்கத் தொடங்கினாள். அப்பா பாதி வயலில் நின்றுவிட்டார். நானும் வரப்பிலேயே நின்றேன். ஒரு சுவரிலிருந்து அவளை இழுத்தேன். இத்தனை காட்டிலிருந்து எந்தப் பக்கமாக இழுப்பது.